மல்லாந்து நடக்கிற புழு

முற்றம் கூட்டப் போன அம்மாதான் முதலில் கண்டார். "பிள்ளை, இஞ்ச வந்து பார், ஆரோ புல்லைக் கிளறிப் போட்டிருக்கு" என்று கூப்பிட்டார். 2022 தை மாதம். மாரி மழை விட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. வீட்டுக்கு முன்னால் இருக்கும் புற்தரையில் ஐந்தாறு இடத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் புல் பிய்ந்து, மண் வெளியே தெரிந்தது.

எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். தெருவில் திரிகிற மாடுகள் மேல்தான் முதற் சந்தேகம். ஆனால் படலை சாத்தியபடியே இருந்தது. தங்கச்சியின் மகன் மான் என்றான். கோட்டைப் பக்கத்து மான்கள் திருகோணமலை நகரத்துக்குள் கடைகள் வரைக்கும் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, எதற்கும் மானைத்தான் சொல்வான். மண்ணில் குளம்படி ஒன்றும் இல்லை.

பிய்ந்த இடத்தின் ஓரத்தில் புல்லைப் பிடித்து இழுத்தேன். பாயைச் சுருட்டுவது போல ஒரு முழப் புல் அப்படியே கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி. ஈரமண்ணில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள், தலையும் வாலும் தொடுகிற மாதிரிச் சுருண்டு கிடந்தன. தவிட்டு நிறத் தலை, தலைக்குப் பின்னால் மூன்று சோடிக் கால், வால் பக்கம் மட்டும் தோலுக்குள்ளால் மண் தெரிகிற சாம்பல் நிறம். ஒரு சாண் இடத்தில் ஒன்பது எண்ணினேன். இரவில் அகழானும் பகலில் செண்பகமும் புலுனியும் தோண்டித் தின்றது இவற்றைத்தான். கள்ளனைப் பிடிக்க வந்தவர்களைத்தான் நாங்கள் கள்ளன் என்று நினைத்திருக்கிறோம்.

உடனே எனக்குக் கோபம் வந்தது மாட்டெரு மேல். அதற்கு ஒரு கதை இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கும். அந்த நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள் என்றாலும், இடையில் ஊர் முழுக்க எருவுக்கு அலைந்தது. நானும் அலைந்து, கிண்ணியாவிலிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறைய மாட்டெரு இறக்கினேன். "நானா, நல்லா உக்கினதுதானே?" என்று எரு கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "ஓம் தங்கச்சி, மூணு மாசம் கிடந்தது" என்றார். கொஞ்சத்தைக் கத்தரிப் பாத்திக்கும் புல்லுக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தென்னைக்குப் பக்கத்தில் குவித்தேன். குவித்தது குவித்தபடி ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தது.

புல் பிய்ந்த அன்று அந்தக் குவியலைக் கிளறினால் அதற்குள்ளும் புழு. புல்லில் இருந்ததைவிடப் பெரிது. சில என் பெருவிரலை விட மொத்தம். சரி, எருவோடு வந்த புழுதான் புல்லைத் தின்றிருக்கிறது என்று முடிவுகட்டி, நானாவுக்கு ஒரு போன் போட்டு ஏசியும்விட்டேன். அந்த முடிவு பிழை. பிழை என்று தெரிய இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் செய்யக்கூடாத எல்லாம் செய்து முடித்திருந்தேன்.

முதலில் சவர்க்காரத் தண்ணீர். ஒரு வாளியில் கரைத்துப் புல்லில் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து புழு வந்தது உண்மை. வந்ததெல்லாம் மண்புழு. துடித்துத் துடித்து வெளியே வந்து வெயிலில் செத்தன. வெள்ளைப் புழு ஒன்றுகூட அசையவில்லை. அடுத்தது, யாரோ சொன்னார்கள் என்று கல்லுப்பு. புழு போனதோ தெரியாது, அந்த இடத்தில் இன்றைக்கும் புல் வருவதில்லை. புகையிலைக் கசாயமும் அடுப்பில் ஏற்றினேன். நல்லவேளை, அம்மா அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். புகையிலையில் இருக்கிற நிக்கொட்டீன் தோலாலும் உடம்புக்குள் போகும். இயற்கை என்ற பெயரில் அதைக் காய்ச்சி வெறுங்கையால் தெளிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பக்கத்து வளவு ஐயா ஒரு காலத்தில் தம்பலகாமத்தில் வயல் செய்தவர். மதிலுக்கு மேலால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் உள்ளே வந்து, "புல்லில இருந்து ரெண்டு, குவியல்ல இருந்து நாலு எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றார். கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் ஆறையும் வரிசையாக விட்டார். புல்லில் எடுத்த இரண்டும் பக்கவாட்டில் சுருண்டு, கால்களால் சீமெந்தைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தன. குவியல் புழுவில் மிகப் பெரிய இரண்டும் அப்படித்தான், சுருண்டு ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. மிச்ச இரண்டும் ஒரு நிமிடம் யோசித்தன. பிறகு மல்லாந்து புரண்டு, ஆறு காலும் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே விறுவிறுவென்று நடந்து கட்டின் விளிம்புக்குப் போய்விட்டன. கால் இருக்க முதுகால் நடக்கிற சீவனை அன்றைக்குத்தான் கண்டேன்.

"இது பூவண்டின்ர புழு. உக்கலைத்தான் தின்னும், எருவை நல்லாக்கித் தரும். திருப்பிப் போடு" என்றார் ஐயா. பெரிய இரண்டையும் காட்டி, "இது கருவண்டு. வேரைத் தொடாது, ஆனா வண்டானா உன்ர தென்னையை விடாது" என்றார். புல்லில் இருந்தது மூன்றாவது இனம். அதுதான் உயிருள்ள வேரைத் தின்கிற வேர்ப்புழு. மழைக்காலத்து இரவுகளில் விளக்கில் வந்து மோதும் தவிட்டு நிற வண்டுகளின் பிள்ளை. அது எருவோடு வரவில்லை. புல்லுக்குள் வண்டு இறங்கி முட்டையிட்டுப் பிறந்தது.

அப்படியானால் வண்டு ஏன் எங்கள் முற்றத்தைத் தேடி வந்தது? இதற்குப் பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கனடாவில் இருக்கும் அண்ணன் வரும்போது பிள்ளைகள் உருண்டு விளையாட வேண்டும் என்று மலேசியன் புல் பதித்திருந்தேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் காய்ந்து மணலாய்க் கிடக்கும்போது இந்த ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். அழகுக்காக ஒட்ட ஒட்ட வெட்டினேன். விறாந்தையில் பளீரென்ற வெள்ளை விளக்கு இரவு பத்து மணி வரைக்கும் எரியும். முட்டையிட வரும் பெட்டை வண்டுக்கு வேண்டியது ஈரமான மண்ணும் குட்டைப் புல்லும்தான். வழிகாட்ட விளக்கும் வைத்திருந்தேன். வெற்றிலை வைத்து அழைத்தது போல.

இப்போது தண்ணீர் கிழமைக்கு இரண்டு தரம் மட்டும், ஆனால் ஆழமாக இறங்கும்படி. அப்படி விட்டால் வேரும் கீழே தேடிப் போகும். ஆழ வேர் ஓடிய புல் கொஞ்சப் புழுவைத் தாங்கும். மேல்மண் காய்ந்தால் முட்டையும் காய்ந்துபோகும். புல்லை இரண்டு இஞ்சிக்குக் கீழே வெட்டுவதில்லை. விறாந்தை விளக்கை மஞ்சளாக மாற்றி, மழைக்குப் பிந்திய நாட்களில் பொழுதுபட்டதும் அணைத்துவிடுகிறேன்.

விளக்கு விஷயம் விளங்கியது மின்வெட்டால்தான். 2022 சித்திரையில் இரவில் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லை. ஒரு மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள், புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். முருங்கை மரத்திலிருந்து ஒரு சத்தம், தூறல் விழுவது போல. வானத்தில் நட்சத்திரம் தெரிகிறது, மழை இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளையிலும் வண்டு. இலையைக் கொறிக்கிற சத்தம், எச்சம் கீழே சருகில் விழுகிற சத்தம். வழக்கமாக விறாந்தை விளக்கில் மோதிக்கொண்டிருக்கும் கூட்டம் இருட்டில் சாப்பாட்டு மரத்துக்கே போயிருந்தது.

அதன் பிறகு வண்டு பிடிப்பது எங்கள் வீட்டில் ஒரு திருவிழாவாகிவிட்டது. முதல் மழை விழுந்ததும் மூன்று நான்கு இரவுகள் முருங்கைக்கும் வேம்புக்கும் கீழே பழைய பெட்ஷீட்டை விரிப்போம். ஏழு, ஏழரைக்குக் கிளையை ஒரு தடியால் உலுப்பினால் பொலபொலவென்று விழும். விழுந்தது உடனே பறக்காது, கொஞ்ச நேரம் செத்த மாதிரிக் கிடக்கும். அதற்குள் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். ஒரு பெட்டை வண்டைப் பிடித்தால் அது இடப்போகும் முட்டை அத்தனையும் போயிற்று. நான் செய்ததில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். செலவும் இல்லை, பிள்ளைகளுக்குப் பொழுதும் போகும். மரம் இல்லாதவர்கள் வாளித் தண்ணீருக்கு மேலே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிடலாம். ஆனால் அதை வீட்டுக்கும் புல்லுக்கும் தள்ளி, பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலம் மட்டும் வையுங்கள். விடிய விடிய எரித்தால் தும்பியும் பொறிவண்டும்கூட வந்து விழும்.

அப்புறம் வேம்பு. எல்லாரும் சொல்கிற மருந்து, எல்லாரும் பிழையான நேரத்தில் ஊற்றுகிற மருந்து. நானும் அந்தத் தை மாதம் உச்சி வெயிலில், காய்ந்த மண்ணில், பெருத்து முற்றிய புழுக்களின் மேல் ஊற்றிவிட்டு "வேம்பு வேலை செய்யாது" என்று சொல்லித் திரிந்தேன். வேம்பில் இருக்கும் அசாடிரக்டின் புழுவை அன்றைக்கே கொல்வதில்லை. தின்னும் ஆசையைக் குறைக்கும், தோல் கழற்றி வளர்வதைக் குழப்பும். அது சின்னப் புழுவிடம்தான் பலிக்கும். இந்தப் புழு இரண்டு தரம் தோல் கழற்றி மூன்று பருவம் வளர்கிறது. மூன்றாம் பருவத்துக்கு வந்ததற்கு அது வெறும் கசப்புத் தண்ணீர். வெயில் பட்டாலும் அதன் வீரியம் போய்விடும்.

ஆகவே இப்போது கணக்கு இப்படி. முருங்கையில் வண்டு கண்ட நாளைக் கலண்டரில் குறிப்பேன். முட்டை பொரிக்கக் கிட்டத்தட்ட இரண்டு கிழமை. மூன்றாம், நான்காம் கிழமையில், மண் ஈரமாக இருக்கும்போது, பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுவேன். காய்ந்த வேப்பங்கொட்டை அரைக் கிலோவை உரலில் இடித்து, துணியில் முடிந்து, 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு முழுக்க ஊறவிட்டு, பிழிந்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துக்கொள்வேன். ஊற்றிய கையோடு இன்னொரு வாளி வெறுந்தண்ணீர் விட்டால்தான் வேர் வரைக்கும் இறங்கும். பத்து நாள் கழித்து இன்னொரு தரம். கத்தரி, மிளகாய்ப் பாத்திக்குக் கன்று நடும் முன்பே வேப்பம் பிண்ணாக்கைச் சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி கலந்துவிடுகிறேன். கொட்டைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழம் உதிர்கிற காலத்தில் மரத்தடியைக் கூட்டினாலே ஒரு வருடத்துக்குப் போதும். நிழலில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பாத்தியில் வேறொரு வசதி உண்டு, கோழி. அறுவடை முடிந்ததும் அலவாங்காலும் மண்வெட்டியாலும் ஒரு சாண் ஆழத்துக்குப் புரட்டிவிட்டு, பக்கத்து வளவுக் கோழிகளை மூன்று நாள் விடச் சொன்னேன். நாலாம் நாள் நான் தேடி ஒரு புழுதான் கிடைத்தது. கோழி தவறவிட்டதை வெயில் பார்த்துக்கொள்ளும். மேலே வந்த புழு எங்கள் ஊர் வெயிலில் அதிகநேரம் தாங்காது. ஆனால் கோழியைப் புற்தரையில் விட்டுவிடாதீர்கள். புழுவைவிட மோசமாகக் கிளறும்.

புற்தரைக்கு வேறு ஆட்கள் வருவார்கள். உடம்பில் மயிர் அடர்ந்த, கறுப்பில் மஞ்சள் பட்டி போட்ட பெரிய குளவிகள் காலை வெயிலில் புல்லுக்கு ஒரு சாண் மேலே வட்டம் வட்டமாகப் பறந்ததைக் கண்டு, பிள்ளைகளுக்குக் குத்திவிடும் என்று தும்புத்தடியோடு ஓடினேன். இவை கூடு கட்டிக் காவல் இருக்கும் குளவி இல்லை. ஆளை நாடி வந்து குத்துவதும் இல்லை. பெட்டைக் குளவி மண்ணைத் துளைத்து இறங்கி, வேர்ப்புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கி, அதன் மேல் ஒரு முட்டை இட்டுவிட்டு வரும். பொரித்த குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும். குளவி தாழப் பறந்தால் அந்த இடத்தில் புழு இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அதைப் பார்த்துத்தான் எங்கே தோண்டிப் பார்ப்பது என்று முடிவெடுக்கிறேன்.

அண்ணன் சும்மா இருப்பாரா. வட்ஸ்அப்பில் ஒரே ஆலோசனை. நெமற்றோடு என்று கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழு, அங்கே கடையில் பெட்டியில் விற்கிறார்களாம், வரும்போது கொண்டுவரவா என்று கேட்டார். அந்த உருளைப்புழு நல்ல ஆள்தான். வேர்ப்புழுவின் உடம்புக்குள் நுழைந்து தன்னோடு இருக்கும் பக்டீரியாவை அவிழ்த்துவிடும், இரண்டு நாளில் புழு செத்துவிடும். ஆனால் உயிருள்ள இப்படியான எதையும் அனுமதியில்லாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. வெளியூர்ச் சீவனை இறக்கி வேதனைப்பட்ட நாடுகள் எத்தனையோ. அடுத்து, மில்கி ஸ்போர் என்று ஒரு தூள். அது ஜப்பானிய வண்டு என்ற ஓர் இனத்தின் புழுவுக்கென்றே உள்ள கிருமி. எங்கள் முற்றத்து வண்டுக்கு அதைத் தூவினால் காசுதான் சாகும். இணையத்தில் வாசிக்கிற முறை எந்த நாட்டு வண்டுக்குச் சொன்னது என்று பார்க்காமல் வாங்க ஓடக்கூடாது என்பதை அண்ணனுக்கு விளங்கப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம்.

இனிக் குவியல். உண்மையான நட்டம் அங்கேதான் வந்தது. பங்குனி பிறந்தபோது வளவில் இருந்த இரண்டு இளந்தென்னையின் புது ஓலைகள் விரிகையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டிய மாதிரி விரிந்தன. கருவண்டு குருத்துக்குள் துளைத்துப் போன அடையாளம். வட்டில் இருந்த ஓட்டைக்குள் கொக்கிக் கம்பியை விட்டு ஐயாதான் ஒன்றை இழுத்து எடுத்தார். கொம்போடு, பளபளவென்று, தும்பு நனைந்த நாற்றத்தோடு வந்தது. மணலோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து மேல் மட்டைக் கக்கங்களில் நிரப்பினோம். ஒரு தென்னை தப்பியது. மற்றது குருத்தழுகிப் போயிற்று.

எருவில் முட்டை முன்பே இருந்ததோ, நான் மூடாமல் போட்ட ஆறு மாதத்தில் வந்து இட்டதோ, யாருக்குத் தெரியும். எதுவானாலும் முட்டையிலிருந்து வண்டாக அதற்குத் தேவையான நாலைந்து மாதத்தை நான் தாராளமாகக் கொடுத்திருந்தேன். நானாவுக்கு மறுபடி போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தங்கச்சி, எரு வேணுமா?" என்றார்.

வாங்கினேன். ஆனால் இப்போது எருவை முதலில் சீமெந்துத் தரையில் மெல்லிசாகப் பரப்பி, கோழி கிளற விட்டு, மணல் அரிக்கும் கம்பிவலையால் அரித்துத்தான் குவிப்பேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டிப் போடுவேன். நன்றாகச் சூடேறிய குவியலின் நடுவில் புழு இருக்காது. மேலே மூட, கடற்கரையில் கிழிந்த வலைத் துண்டு ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்து கிளம்புகிற வண்டும் வெளியே இருந்து இறங்குகிற வண்டும் கால் சிக்கி நிற்கும். 2007இல் இந்த வண்டு போய்ச் சேர்ந்த குவாம் தீவிலும் மீன்வலையால்தான் பிடிக்கிறார்களாம். வாசித்தபோது ஊர்க்காரருக்குக் கைகொடுத்த மாதிரி இருந்தது. ஒரு எச்சரிக்கை: வலையைத் தளர விட்டதால் ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்று கழுத்தில் இறுகிக் கிடந்தது. அம்மா கத்தக் கத்த, ஐயா கத்தியால் வலையின் ஒவ்வொரு கண்ணாக அறுத்துப் பாம்பை விட்டார். எலி பிடிக்கிற சீவன். அதிலிருந்து வலையை இறுக்கி நான்கு பக்கமும் கல் வைத்து, விடிந்ததும் போய்ப் பார்ப்பது என் வேலை.

போன மாரியில் குவியலைப் புரட்டும்போது ஒரு கருவண்டுப் புழு காய்ந்த சோக்குக்கட்டி போல விறைத்து, மேலே பச்சைப் பொடி பூசிய மாதிரிக் கிடந்தது. மெற்றாரைசியம் என்கிற பூஞ்சணம். தென்னை வளர்க்கும் நாடுகளில் வளர்த்தெடுத்துக் குவியலில் கலக்கிறார்கள். எனக்கு ஓசியில் வந்திருந்தது. உடைத்துத் தூளாக்கி ஈரமான பக்கத்தில் கலந்துவிட்டேன்.

புழு முற்றாகப் போய்விட்டதா என்றால், இல்லை. தை மாதம் கத்தியால் மூன்று பக்கம் வெட்டி, ஒரு சதுர அடிப் புல்லைப் புத்தகத்தைத் திறப்பது போலத் திறந்து பார்ப்பேன். போன முறை மூன்று இருந்தன. ஐந்துக்குக் கீழே என்றால் ஒன்றும் செய்வதில்லை; புல்லை மூடித் தண்ணீர் விட்டுவிட்டுப் போய்விடுவேன். அதைக் குளவிக்கும் செண்பகத்துக்கும் விட்டாயிற்று. பத்தைத் தாண்டினால்தான், அடுத்த வண்டுக் காலத்தில் வேம்பு.

உப்புப் போட்ட இடத்தில் புல் வராததால் அம்மா அதில் மண் மாற்றிக் கீரை போட்டார். பிறகு பக்கத்துத் துண்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். இந்த வருடம் பார்க்கிறேன், புற்தரையில் மூன்றில் ஒரு பங்கு கீரைப் பாத்தி. கேட்டால், "தின்ன ஏலாததுக்கு ஏன் இந்தப் பாடு" என்கிறார்.